நொடிக்கு ஆயிரம் தடவை நெளியும் கண்ணாடி!

உங்களிடம் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் வைத்து நிலாவைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் 'தற்செயலாக'த் திருப்புகிற ஐட்டம் இல்லை. சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், பரனால் என்ற மலை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில் நிற்கிற டெலஸ்கோப். அதன் முதன்மைக் கண்ணாடியின் குறுக்களவு மட்டும் 8.2 மீட்டர். உங்க ஹாஸ்டல் ரூம் இரண்டை இடித்து ஒன்றாக்கினாலும் உள்ளே நுழையாது.

ராத்திரி. மேகம் இல்லை. நிலா இல்லை. ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்துப் பார்க்கிறீர்கள். எப்படித் தெரியும்? ஊசிமுனைப் புள்ளியாக?

அதுதான் இல்லை. கலங்கலாக, நடுங்கிக்கொண்டு, மாவில் விழுந்த மழைத்துளி மாதிரி ஒரு திட்டு! வெளிச்சம் என்னவோ ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் கண்ணால் பார்க்கிற ஒளியில், கூர்மை என்று பார்த்தால், பத்திருபது சென்டிமீட்டர் கண்ணாடி வைத்த அமெச்சூர் டெலஸ்கோப்புக்கும் இந்த ராட்சசனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இத்தனை கோடிகளைக் கொட்டி, பாலைவனத்தில் ரோடு போட்டு, கண்ணாடியைக் கப்பலில் ஏற்றி வந்து... கடைசியில் இதற்குத்தானா?

வில்லன் யார் தெரியுமா? நீங்க இப்போ உள்ளே இழுத்த காற்று.

கசங்கிய சட்டை

நீச்சல்குளத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு மேலிருந்து பாருங்கள். நாணயம் ஆடும். உண்மையில் ஆடுவது தண்ணீர்தான். காற்றும் அப்படியே. சூடான காற்று ஒரு பக்கம், குளிர்ந்த காற்று ஒரு பக்கம் என்று சின்னச் சின்னப் பொட்டலங்களாக எப்போதும் கலந்து சுழன்றுகொண்டே இருக்கிறது. சூடான காற்றில் ஒளி ஒரு மயிரிழை வேகமாகப் போகும். குளிர்ந்ததில் ஒரு மயிரிழை மெதுவாக. மே மாதம் மத்தியானம் தார் ரோட்டைப் பார்த்தால் தூரத்தில் வருகிற பஸ் நெளிவது இதனால்தான்.

நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய ஒளி ஆயிரக்கணக்கான வருஷம் பிரயாணம் செய்து, பூமிக்கு வரும்போது சமதளமான அலையாக, சலவைக்குப் போட்டு இஸ்திரி பண்ணிய சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வருகிறது. கடைசிச் சில கிலோமீட்டர் காற்றில் நுழைந்ததும், டவுன் பஸ் ஃபுட்போர்டில் தொங்கி காலேஜுக்கு வந்த மாதிரி கசங்கிவிடுகிறது. அந்தக் கசங்கலின் அளவு சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது, எண்பது மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்தைக் கெடுக்க அதுவே தாராளம்.

நல்ல மலை உச்சியிலேயே, ஒளி அலை கசங்காமல் தட்டையாக இருக்கிற துண்டின் அளவு பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான். அதனால்தான் எட்டு மீட்டர் கண்ணாடி வைத்தாலும் கூர்மை பத்துப் பதினைந்து சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. இந்த விஷயம் நியூட்டனுக்கே தெரியும். 1704-ல் அவர் எழுதிய 'ஆப்டிக்ஸ்' புத்தகத்தில், இதற்கு மருந்து கிடையாது, உயரமான மலையுச்சியில் கிடைக்கிற அமைதியான காற்றைத் தேடிப் போவதுதான் ஒரே வழி என்கிற ரீதியில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இருநூற்று ஐம்பது வருஷம் எல்லோரும் அந்தப் பேச்சைக் கேட்டு மலை ஏறினார்கள்.

1953-ல்தான் ஒருத்தர் மாற்றி யோசித்தார். ஹோரேஸ் பேப்காக். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களின் ஆள். அவர் கேட்டது சிம்பிளான கேள்வி: காற்று ஒளியைக் கசக்குகிறதா? சரி, கசக்கட்டும். நாம் ஒரு கண்ணாடியை எடுத்து, காற்று எப்படிக் கசக்கியிருக்கிறதோ அதற்கு நேர் எதிராக நெளித்து வைத்தால்? கசங்கிய அலை வந்து நெளிந்த கண்ணாடியில் மோதும். கழித்தல் கணக்கு. திரும்பிப் போகும்போது தட்டையாகிவிடும்!

இதற்கு அவர் முன்வைத்த கருவி இன்னும் சுவாரஸ்யம். ஒரு கண்ணாடி மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். அதன் மேல் பழைய டி.வி. குழாயில் ஓடுகிற மாதிரி எலெக்ட்ரான் கற்றை. மின்னேற்றம் விழுகிற இடத்தில் எண்ணெய் அமுங்கும். அந்தக் காலத்தில் சினிமா தியேட்டர் சைஸுக்கு டி.வி. காட்ட 'ஐடோஃபோர்' என்ற புரொஜெக்டர் இருந்தது. அதே டெக்னிக். இந்த எண்ணெய் டெலஸ்கோப்பை யாரும் கட்டவே இல்லை. ஐடியா பேப்பரில் தூங்கியது. சோவியத் யூனியனில் விளாதிமிர் லின்னிக் என்பவர் 1957-ல் தனியாகவே ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். அதுவும் தூங்கியது.

ஏன் தூங்கியது? ஐடியாவில் தப்பில்லை. ஆனால் காற்று ஒரே போஸில் நிற்காதே! சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கசங்கலின் வடிவமே மாறிவிடும். கசங்கலை அளந்து, கணக்குப் போட்டு, கண்ணாடியை நெளித்து, அடுத்த கசங்கலை அளந்து... நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. 1953-ல் இருந்த கம்ப்யூட்டருக்கு இது ஆகிற காரியமா? அதைவிடப் பெரிய தலைவலி, கண்ணாடியைப் பின்னாலிருந்து தள்ளுவது யார், எதை வைத்து?

பின்னால் நிற்கும் கைகள்

இந்தத் துறைக்குப் பெயர் அடாப்டிவ் ஆப்டிக்ஸ். நெளிகிற கண்ணாடிக்குப் பெயர் டீஃபார்மபிள் மிரர். கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக நின்று தள்ளுகிற, இழுக்கிற குட்டிக் கருவிகள்தான் ஆக்சுவேட்டர். பத்திரிகையில் படம் வரும்போது நட்சத்திரத்துக்குக் கைதட்டுவார்கள், டெலஸ்கோப்புக்குக் கைதட்டுவார்கள். ஆக்சுவேட்டரை யாரும் சீண்டுவதில்லை. என்னைக் கேட்டால், இந்தப் படத்தின் ஹீரோவே அதுதான்.

அதற்கு என்னென்ன தகுதி வேண்டும் பாருங்கள். சில மைக்ரான் தூரம் நகரவேண்டும். அந்த நகர்வில் சில பத்து நானோமீட்டர்கூடப் பிசகக் கூடாது. நொடிக்கு ஆயிரம் தடவை செய்யவேண்டும். ராத்திரி முழுக்க, வருஷக்கணக்கில் செய்யவேண்டும். இதுபோல நூறு பேர், ஆயிரம் பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒருத்தர் செய்வது இன்னொருத்தரைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மோட்டார், கியர், ஸ்க்ரூ எல்லாம் இந்த இன்டர்வியூவில் முதல் ரவுண்டிலேயே அவுட்.

பாஸான முதல் ஆள் பீசோ எலெக்ட்ரிக் செராமிக். 1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் சேர்ந்து கண்டுபிடித்த விஷயம் இது. (ஆமாம், மேரி கியூரியின் கணவர் பியரேதான்.) சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும். உங்க வீட்டு கேஸ் லைட்டரில் 'டிக்' என்று தீப்பொறி வருவது இதனால்தான். இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: மின்சாரம் கொடுத்தால் படிகம் நீளும். ஆனால் எவ்வளவு நீளும்? ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள செராமிக் தட்டு, முழு வோல்டேஜ் கொடுத்தாலும் ஏதோ ஒரு மைக்ரான் நீண்டால் பெரிய விஷயம். அதனால் என்ன செய்தார்கள் என்றால், கேன்டீனில் தட்டு அடுக்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நீள, மொத்தத்தில் சில மைக்ரான் தேறியது. இப்படி ஒரு கட்டு அடுக்குகளைத் தூண் தூணாக நிறுத்தி, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை ஒட்டினால் முடிந்தது. நெளியும் கண்ணாடி ரெடி!

முடிந்தது என்று சொன்னேனே, அங்கேதான் ஆரம்பம். பீசோவுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஹிஸ்டரிசிஸ். நூறு வோல்ட் கொடுத்து மேலே ஏற்றுங்கள். பிறகு ஐம்பதுக்கு இறக்குங்கள். இப்போது அது நிற்கிற இடமும், ஏறும்போது ஐம்பதில் நின்ற இடமும் ஒன்றாக இருக்காது. பத்து, பதினைந்து சதவீதம்கூட வித்தியாசம் வரும். 'போன தடவை என்ன நடந்தது' என்பதை மனசில் வைத்துக்கொண்டு இந்தத் தடவை நடந்துகொள்கிற ஆசாமி. (நம் கிளாஸிலும் இருக்கிறார்கள்.) இதற்கு மாற்றாக, லெட் மெக்னீசியம் நியோபேட் என்ற இன்னொரு செராமிக்கைக் கொண்டுவந்தார்கள். அறை வெப்பத்தில் இது தங்கமான பையன், சொன்னால் சொன்ன இடத்தில் நிற்பான். ஆனால் குளிர் ஏறினால் குணம் மாறும். டெலஸ்கோப் இருப்பதோ மலை உச்சியில்!

ராணுவம் மறைத்த ரகசியம்

இந்தக் கண்ணாடி முதலில் உருவானது வானியலுக்காக இல்லை என்பதுதான் கதையின் ட்விஸ்ட். பனிப்போர் காலம். சோவியத் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் போகின்றன. அவை என்ன வடிவம், என்ன செய்கின்றன என்று தரையிலிருந்து தெளிவாகப் படமெடுக்க அமெரிக்க ராணுவத்துக்கு ஆசை. நடுவில் அதே காற்று. பணம் இறங்கியது. ஐடெக் என்ற கம்பெனியில் ஜான் ஹார்டியின் குழு 1970-களின் தொடக்கத்திலேயே 21 ஆக்சுவேட்டர் வைத்த கண்ணாடியை லேபில் ஓட்டிக் காட்டியது. 1982-ல் ஹவாய் தீவான மவுயியில், 1.6 மீட்டர் டெலஸ்கோப்பில் 168 ஆக்சுவேட்டருடன் நிஜமான சிஸ்டமே இயங்கியது.

அதே வருஷம் வில்லியம் ஹாப்பர் என்ற இயற்பியலாளர் இன்னொரு பெரிய சிக்கலுக்கு வழி சொன்னார். கசங்கலை அளக்க, பார்க்கிற பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். வானத்தில் பெரும்பாலான இடங்களில் அது கிடையாது. கிடையாது என்றால் நாமே செய்துகொண்டால் என்ன? பூமிக்கு மேலே சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் எரிகற்கள் விட்டுப்போன சோடியம் அணுக்கள் ஒரு படலமாக இருக்கின்றன. சோடியத்துக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தில் ஒரு லேசரை மேலே அடித்தால் அந்த இடம் மட்டும் ஜொலிக்கும். பழைய மஞ்சள் தெருவிளக்கு ஞாபகம் இருக்கிறதா? அதே மஞ்சள்தான். செயற்கை நட்சத்திரம், இன்ஸ்டன்ட் காபி மாதிரி!

ஆனால் இதெல்லாம் ரகசிய ஃபைலுக்குள். 1985-ல் ஃபிரான்ஸின் ரெனோ ஃபுவா, ஆன்டுவான் லாபேரி என்ற இரண்டு வானியலாளர்கள், யாரும் சொல்லாமலே லேசர் நட்சத்திர ஐடியாவைத் தாங்களாகவே யோசித்து ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். 1989 அக்டோபரில் ஃபிரான்ஸின் ஓட் ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில், 19 ஆக்சுவேட்டர் மட்டுமே வைத்த 'கம்-ஆன்' என்ற சிஸ்டத்தை ஓட்டி, வானியலில் முதல்முறையாகத் தெளிவான படம் எடுத்தார்கள். பத்தொன்பதுதான்! அந்தப் பக்கம் ராணுவம் அதைவிடப் பல மடங்கு முன்னேறி எங்கேயோ இருந்தது. ஒருவழியாக 1991 மே மாதம், நியூ மெக்ஸிகோவில் ராணுவத்துக்காக இதைச் செய்துவந்த ராபர்ட் ஃப்யூகேட், சியாட்டிலில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் மேடை ஏறி, லேசர் நட்சத்திரத்தை நாங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டோம் என்று படத்தோடு காட்டினார். ஏற்கெனவே ஒருத்தன் விடை எழுதி பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்க, நீங்க வருஷக்கணக்கில் அதே கணக்கை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? பூட்டி வைத்ததால் வானியல் இழந்தது எத்தனை வருஷம் என்பதை நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கருக்குள் இருந்த விடை

பீசோவின் கஷ்டங்களைப் பார்த்தோம். இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண அடாப்டிவ் ஆப்டிக்ஸ் சிஸ்டத்தை டெலஸ்கோப்புக்குப் பின்னால் தனிப் பெட்டியாக வைக்கவேண்டும். அதற்குள் ஒளியைக் கொண்டுபோக, கொண்டுவர நாலைந்து கண்ணாடி கூடுதலாகத் தேவை. ஒவ்வொரு கண்ணாடியும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். அகச்சிவப்பில் பார்த்தால் ஒவ்வொரு கண்ணாடியுமே தன் சூட்டால் ஒளிரும். அந்த ஒளிர்வில் மங்கலான நட்சத்திரங்கள் மூழ்கிப்போகும். அப்படியென்றால் தனிக் கண்ணாடி எதற்கு? டெலஸ்கோப்பில் எப்படியும் இருக்கிற இரண்டாவது கண்ணாடியையே நெளிய வைத்துவிட்டால்?

கேட்க ஜோர். ஆனால் அந்தக் கண்ணாடி ஒரு மீட்டர் அகலம்! அதை நெளிய வைக்கவேண்டுமென்றால் அப்பளம் மாதிரி மெல்லியதாக இருக்கவேண்டும். பெரிய கண்ணாடி என்பதால் நகரவேண்டிய தூரமும் அதிகம், பீசோவுக்குக் கை எட்டாது. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இருக்கிற ஆர்செட்ரி வானாய்வகத்தைச் சேர்ந்த பியரோ சலினாரி 1993-ல் சொன்ன வழி: வாய்ஸ் காயில். அதாவது, உங்க டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கரில் இருக்கிற அதே சமாச்சாரம். ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். சுருளில் கரன்ட் விட்டால் காந்தம் தள்ளப்படும், கரன்ட்டைத் திருப்பினால் இழுக்கப்படும். ஸ்பீக்கரில் இது காகிதக் கூம்பை ஆட்டிப் பாட்டுக் கேட்க வைக்கிறது. இங்கே கண்ணாடியை ஆட்டி நட்சத்திரத்தைக் காட்டவேண்டும்.

இதில் மண்டையைக் குழப்புகிற அழகு ஒன்று இருக்கிறது. காந்தம் கண்ணாடியின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும். கம்பிச் சுருள் பின்னால் இருக்கிற சட்டத்தில் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளவே தொட்டுக்கொள்ளாது! கண்ணாடி காந்த விசையில் மிதக்கிறது. பின்னால் இருக்கிற கெட்டியான தாங்கு கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி. அந்த இடைவெளியை ஒவ்வொரு ஆக்சுவேட்டர் பக்கத்திலும் ஒரு கெபாசிடர் சென்சார் அளந்துகொண்டே இருக்கும். பிளஸ் டூ பிஸிக்ஸில் வந்த அதே கெபாசிடர்தான்: இரண்டு தட்டு நெருங்கினால் கெபாசிடன்ஸ் ஏறும், விலகினால் இறங்கும். அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை படித்து, 'நீ சொன்ன இடத்தில் நிற்கிறாயா?' என்று ஒவ்வொரு சுருளையும் உலுக்கிக்கொண்டே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ். இடைவெளியில் மாட்டிக்கொண்ட காற்றே ஷாக் அப்சார்பர் மாதிரி ஆட்டத்தை அடக்க உதவுகிறது. படத்தைக் கெடுத்த அதே காற்று, இங்கே கைகொடுக்கிறது!

இன்னொரு லாபமும் உண்டு. பீசோ கண்ணாடியில் ஒரு ஆக்சுவேட்டர் செத்துப்போனால் அது கண்ணாடியை அந்த இடத்தில் ஆணியடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். வாய்ஸ் காயிலில் ஒன்று செத்தால், கரன்ட்டை நிறுத்திவிட்டுப் போகவேண்டியதுதான். சுற்றியிருக்கிறவர்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

2002-ல் அமெரிக்காவின் அரிசோனாவில், எம்.எம்.டி. என்ற 6.5 மீட்டர் டெலஸ்கோப்பில் 336 ஆக்சுவேட்டருடன் இந்த வகைக் கண்ணாடி முதல்முதலாக வானத்தைப் பார்த்தது. 2010-ல் அதே மாநிலத்தில் 'லார்ஜ் பைனாகுலர் டெலஸ்கோப்'பில் 672. அதற்கப்புறம் நாம் ஆரம்பத்தில் பார்த்த பரனாலுக்கு 2016-ல் வந்து சேர்ந்தது ஒரு மகா கண்ணாடி. குறுக்களவு 1.12 மீட்டர். ஆக்சுவேட்டர் 1,170. தடிமன்? இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

ஒரு நிமிஷம் நிறுத்தி இதை யோசியுங்கள். ஜன்னல் கண்ணாடியைவிட மெல்லியது. வட்டமாக, ஒரு டைனிங் டேபிள் சைஸ். தட்டையாகக்கூட இல்லை, வளைவாக, ஒளியின் அலைநீளத்துக்கும் குறைவான பிழையோடு தேய்த்து எடுத்தது. சூட்டில் ஏறக்குறைய விரியவே விரியாத ஸீரோடூர் என்ற கண்ணாடி-செராமிக். ஃபிரான்ஸில் தேய்த்து, இத்தாலிக்குக் கொண்டுபோய், முதுகில் 1,170 காந்தங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, அப்புறம் சோதனை, அப்புறம் சிலி. ஒரு இடத்தில் கை தவறினால் வருஷக்கணக்கான வேலை தூள். நம் ஊரில் வளையல் பார்சல் அனுப்பவே வைக்கோல் போட்டுக் கட்டுகிறோம்!

இன்னொரு வேடிக்கை. 1,170 சுருளில் கரன்ட் ஓடினால் சூடாகுமே? சூடானால் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வெந்நீர் அண்டா மாதிரி காற்று அலையும். நட்சத்திரத்தைக் கலக்குகிற அதே கலக்கலை நாமே உண்டாக்குகிற கதை. அதனால் குளிர்விக்கிற திரவத்தை உள்ளே ஓட விட்டு, வெப்பத்தைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பவேண்டியிருக்கிறது.

மேட்ரிக்ஸ் எதற்குப் படித்தோம்?

சரி, எந்த ஆக்சுவேட்டரை எவ்வளவு தள்ளுவது என்று யார் சொல்வது? வருகிற ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து எடுத்து, குட்டிக் குட்டி லென்ஸ்கள் சதுரமாக அடுக்கிய ஒரு தட்டு வழியாக கேமராவில் விழவைக்கிறார்கள். ஷாக்-ஹார்ட்மன் சென்சார் என்று பெயர். அலை தட்டையாக வந்தால் ஒவ்வொரு லென்ஸுக்கும் கீழே புள்ளி நடுவில் விழும். அலை சாய்ந்து வந்தால் புள்ளி தள்ளி விழும். எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அலையின் கசங்கல் தெரிந்துவிடும். பரனாலில் இந்த லென்ஸ் தட்டு 40-க்கு 40. மொத்தம் நான்கு சென்சார், நான்கு லேசர் நட்சத்திரத்துக்கு ஒன்று வீதம். ஒவ்வொரு லேசரும் 22 வாட்.

இப்போது நீங்க செமஸ்டரில் 'இதெல்லாம் எங்கடா யூஸ் ஆகப்போகுது' என்று திட்டிய மேட்ரிக்ஸ் உள்ளே வருகிறது. முதலில் ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் ஒரு தட்டு தட்டி, சென்சாரில் எந்தெந்தப் புள்ளி நகர்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஒரு இடத்தில் அழுத்தினால் பக்கத்து இடமும் கொஞ்சம் வரும், இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் சரிகிற மாதிரி. ஆக, 'இதைத் தள்ளினால் அதெல்லாம் நகரும்' என்று ஒரு பிரம்மாண்டமான மேட்ரிக்ஸ் தயார். நமக்கு வேண்டியதோ உல்டா: 'இதெல்லாம் நகர்ந்திருக்கிறது, எதைத் தள்ள?' மேட்ரிக்ஸைத் தலைகீழாக்கவேண்டும். அது சதுர மேட்ரிக்ஸாக இருக்காது என்பதால் நேரடி இன்வர்ஸ் கிடையாது. போலி இன்வர்ஸ் என்று ஒன்று எடுப்பார்கள். எந்தெந்த நெளிவைச் சென்சாரால் சரியாகப் பார்க்க முடியாதோ அதையெல்லாம் களையெடுக்கவேண்டும். இல்லையென்றால் சென்சாரில் வருகிற சின்ன இரைச்சலை நம்பி கண்ணாடி பேயாட்டம் போடும்.

அப்புறம் லூப் ஓட ஆரம்பிக்கும். அளவெடு, பெருக்கு, தள்ளு. அளவெடு, பெருக்கு, தள்ளு. நொடிக்கு ஆயிரம் தடவை. சென்சார் பார்ப்பது கண்ணாடி திருத்தியதற்கு அப்புறம் மிச்சம் இருக்கிற தப்பைத்தான். பேராசை பிடித்து முழுத் தப்பையும் ஒரே அடியில் திருத்தப் பார்த்தால் சிஸ்டம் ஆட்டம் கண்டுவிடும். ஏனென்றால் நீங்க அளந்து முடிப்பதற்குள் காற்று நகர்ந்திருக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் 'கெயின் மார்ஜின்' என்று படித்தோமே, அதுதான். அரியர் வைத்தவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்!

இவ்வளவு அமர்க்களத்துக்கும் பலன்? 2018-ல் பரனாலில் இந்த சிஸ்டத்தை வைத்து நெப்டியூன் கிரகத்தைப் படமெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலேயே, விண்வெளியில் மிதக்கிற ஹப்பிளைவிடக் கூர்மையாக வந்தது. ராக்கெட் இல்லாமல்!

ஆனால் இந்தக் கண்ணாடிகளின் மாபெரும் ஸ்கோர் வேறு. நம் பால்வீதியின் நடுவில் 26,000 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரக் கூட்டம் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அதில் எஸ்2 என்ற நட்சத்திரம், கண்ணுக்குத் தெரியாத எதையோ பதினாறு வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிறது. ஹவாயில் கெக் டெலஸ்கோப்பில் ஆண்ட்ரியா கெஸ் குழு, சிலியில் ரெய்ன்ஹார்ட் கென்ஸல் குழு. இரண்டுக்கும் போட்டி. 1990-களில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் இல்லாமல், மின்னல் வேகத்தில் ஆயிரக்கணக்கான குட்டிப் படங்களை எடுத்து, கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். 1999-ல் கெக்கில் 349 ஆக்சுவேட்டர் கண்ணாடி வந்தது. பரனாலில் 185 ஆக்சுவேட்டருடன் 'நாகோ' என்ற கருவி, 2002-ல் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஏன் சரியான நேரம்? அந்த வருஷம்தான் எஸ்2 அந்த மர்ம ஆசாமிக்கு மிக அருகில், வெறும் 17 ஒளிமணி தூரத்தில் திரும்பியது. விட்டிருந்தால் அடுத்த பஸ் 2018-ல்தான்! அந்த வளைவைப் பிடித்ததால்தான், உள்ளே இருப்பது சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளையாகத்தான் இருக்கமுடியும் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. 2018-ல் எஸ்2 மறுபடி வந்தபோது, நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் திரும்புவதை நான்கு டெலஸ்கோப்பை இணைத்துப் பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தியது. கெஸ், கென்ஸல் இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு.

நட்சத்திரத்திலிருந்து விழித்திரைக்கு

இதே கண்ணாடி இன்னொரு இடத்துக்கும் போனது. உங்க கண்ணுக்குள்!

கண் டாக்டர் உள்ளே விளக்கடித்து விழித்திரையைப் பார்க்கிறார் அல்லவா? அந்த ஒளி உங்க கண்ணின் லென்ஸ், கார்னியா வழியாகத்தான் வெளியே வரவேண்டும். யாருடைய லென்ஸும் கச்சிதமாக இருக்காது. அதனால் அந்த ஒளியும் கசங்கும். 1997-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜுன்ஷாங் லியாங், டேவிட் வில்லியம்ஸ், டொனால்ட் மில்லர் ஆகிய மூவரும் 37 ஆக்சுவேட்டர் வைத்த நெளியும் கண்ணாடியை நடுவில் வைத்து, உயிரோடு இருக்கிற மனிதரின் விழித்திரையில் உள்ள கூம்பு செல்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். சில மைக்ரான் அகலமே உள்ள செல்! ரத்தம் சிந்தாமல், கத்தி வைக்காமல். அதற்கப்புறம் விழித்திரை நோய்களில் எந்த செல் எப்போது சாகிறது என்று ஆளுக்கு ஆள் தொடர்ந்து பார்க்க வழி பிறந்தது.

கண்ணுக்குப் பக்கத்தில் டைனிங் டேபிள் சைஸ் கண்ணாடி எதற்கு? அங்கே செல்லுபடியாவது சிலிக்கான் சிப் மாதிரியே செதுக்குகிற மெம்ஸ் கண்ணாடி. நிலைமின் விசையில் வேலை செய்யும். இரண்டு தட்டுக்கு நடுவில் வோல்டேஜ் கொடுத்தால் இழுக்கும். தள்ளத் தெரியாது, இழுக்க மட்டுமே தெரியும். அதனால் முதலில் எல்லாவற்றையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து கூட்டிக் குறைப்பார்கள். இரண்டரை சென்டிமீட்டர் சதுரத்தில் 4,096 ஆக்சுவேட்டர் கொண்ட இப்படி ஒரு கண்ணாடி 2013-ல் சிலியின் ஜெமினி டெலஸ்கோப்பில் போய் உட்கார்ந்தது, வேறு நட்சத்திரங்களின் கிரகங்களை நேரடியாகப் படமெடுக்க. அதற்கு ஒரு பீசோ அண்ணனும் துணை. பெரிய நெளிவை அண்ணன் பார்த்துக்கொள்வார், நுணுக்கத்தைத் தம்பி. ஆய்வாளர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் வூஃபர், ட்வீட்டர். ஸ்பீக்கர் சமாச்சாரம் இந்தத் துறையை விடுவதாக இல்லை! பூனாவின் ஐயூகா நிறுவனமும் கலிஃபோர்னியாவின் கால்டெக்கும் சேர்ந்து செய்த 'ரோபோ-ஏஓ' 2011-ல் பாலோமர் மலையில் 1.5 மீட்டர் டெலஸ்கோப்பில் ஓடியதும் ஒரு குட்டி மெம்ஸ் கண்ணாடியை வைத்துத்தான். அதில் விசேஷம், லேசர் அடிப்பதிலிருந்து படம் எடுப்பதுவரை மனுஷனே தேவையில்லை.

மெக்கானிக்கலா, இ.சி.இ.யா, கம்ப்யூட்டர் சயின்ஸா, மெட்டீரியல் சயின்ஸா, யாராக இருந்தாலும் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட் உண்டு. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ரெடிமேட் கடையில் வாங்கி வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்கள். காற்று செய்கிற கலாட்டாவில் எண்பது சதவீதத்துக்கும் மேல், படம் மொத்தமாக இப்படியும் அப்படியும் ஆடுவதுதான். நெளிவே தேவையில்லை, கண்ணாடியைச் சாய்த்தாலே அதைத் திருத்தலாம். பழைய ஸ்பீக்கர் இரண்டின் கூம்பை வெட்டி எடுத்துவிட்டு, காயிலை ஒரு சின்னக் கண்ணாடியின் இரண்டு ஓரத்தில் கோத்துவிடுங்கள். லேசர் பாயின்டர் ஒளியை மெழுகுவத்தியின் சூட்டுக் காற்று வழியாக அனுப்பி, கண்ணாடியில் பட்டு சுவரில் விழ வையுங்கள். புள்ளி ஆடும். அதை ஒரு வெப்கேமில் பார்த்து, எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் காயிலுக்குக் கரன்ட் அனுப்ப ஒரு மைக்ரோ கன்ட்ரோலர். கண்ணில் லேசர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுமட்டும் விளையாட்டில்லை. வெப்கேம் நொடிக்கு முப்பது படம்தான் எடுக்கும் என்பதால் மெழுகுவத்தியின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கத் திணறும். அப்போதுதான் பேப்காக் ஏன் அத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது உங்களுக்கு உறைக்கும்.

சிலியில் பரனாலுக்கு எதிரே, அர்மசோனஸ் மலையில், 39 மீட்டர் குறுக்களவில் ஒரு டெலஸ்கோப் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் நான்காவது கண்ணாடிதான் நெளியும் கண்ணாடி. 2.4 மீட்டர் அகலம். ஆறு இதழ்களாக வெட்டி, ஒன்றோடு ஒன்று தொடாமல் பூ மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். தடிமன் அதே இரண்டு மில்லிமீட்டருக்குள். பின்னால் நிற்கிற வாய்ஸ் காயில்கள் ஐயாயிரத்துக்கும் மேல்.